நான் ஏழு கேட்ட சனிக்கிழமை

மகன்,

இதை ஆங்கிலத்தில எழுதியிருந்தால் நீ வேலைக்குப் போற பஸ்ஸிலேயே வாசிச்சு முடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சிருப்பாய். தமிழ் எண்டால் ஒவ்வொரு எழுத்தாத் தடவித் தடவித்தான் வாசிப்பாய், அது எனக்குத் தெரியும். மெல்ல வாசி. நானும் மெல்லத்தான் எழுதிறன். ரெலிபோனில சொல்லுவம் எண்டு பாத்தன். நீ லீட்ஸில இருந்து "ஓம் அப்பா, சொல்லுங்கோ" எண்டு எடுத்தாய். கலியாண ஹோலுக்கு எத்தினை கதிரை, ஐயரை ஆர் காரில கூட்டிக்கொண்டு வாறது எண்டு கண்டறியாத கதையெல்லாம் கதைச்சுப்போட்டு வைச்சிட்டன். அறுபதை எட்டப் போற மனிசன், சொந்தப் பிள்ளைக்கு முன்னால இப்பிடி நடுங்கிறன் எண்டால் பாரன்.

போன மாதம் ஆருக்கெல்லாம் கலியாணம் சொல்லுறது எண்டு நான் பேர்களைச் சொல்லச் சொல்ல, நீ ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டு வந்தாய். கிழக்கு லண்டனில, பார்க்கிங் எண்ட ஊரில இருக்கிற சித்தப்பாவின்ர பேர் வந்தோடனை, "அவற்ர வீட்டை போகத் தேவையில்லை அப்பா, கார்டைப் போஸ்டில போடுங்கோ காணும். வந்தாரெண்டால் ஹோலுக்குள்ளயே பந்தயம் கட்டத் தொடங்கிடுவார்" எண்டு சொல்லிச் சிரிச்சாய். எங்கட சனத்துக்குள்ள கலியாணத்துக்கு வீட்டை போய்ச் சொல்லாமல் கார்டை மட்டும் அனுப்பிறது எண்டால் "வராதை" எண்டு சொல்லுறதுதான். கூடப் பிறந்தவனுக்கு அப்பிடி அனுப்பினால் லண்டன் முழுக்கக் கதைக்கும். அது தெரிஞ்சும் நான் என்ன செய்தன்? உன்னோடை சேந்து சிரிச்சன். பக்கத்தில வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்த அம்மா, "என்னப்பா பகிடி?" எண்டு கேட்டா. ஒண்டுமில்லை எண்டன்.

உனக்குச் சித்தப்பா எண்டால் சூதாடி. பெண்சாதி பிள்ளையைக் கூப்பிடச் சேத்த காசைக் கசினோவில துலைச்ச மனிசன். அந்தச் சொல்லை உனக்குச் சொல்லித் தந்தது நான்தான், நீ சின்னப் பெடியனா இருக்கேக்க. அது முழுப் பொய்யில்லை, அதுதான் அதில இருக்கிற நஞ்சு. காசு அவன்ர கையாலதான் போனது. ஆனால் அவனை அங்கை கூட்டிக்கொண்டு போனது நான். அண்டைக்கு அந்த மேசையில நான் செய்த வேலையைப் போன கிழமை வரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அந்த விளையாட்டில எப்பிடிக் காசு வைக்கிறது எண்டு தெரியாட்டில், சொன்னாலும் உனக்கு விளங்காது. ஆகையால முதல் அதைச் சொல்லுறன். பொறுமையா வாசி, நீ என்னை மரியாதையோட வாசிக்கப் போற கடைசிப் பந்தி இதாத்தான் இருக்கும்.

க்ராப்ஸ் எண்டு ஒரு விளையாட்டு. நீட்டு மேசை, பச்சைத் துணி, சுத்திவர உயர்ந்த விளிம்பு. ரெண்டு தாயக்கட்டை. ஒராள் எறிவான், மேசையைச் சுத்தி நிக்கிறவை எல்லாரும் அவன்ர எறியில காசு வைப்பினம். முக்கால்வாசிப் பேர் வைக்கிற இடத்துக்குப் பேர் "பாஸ் லைன்". அங்கை வைச்சால் நீ எறியிறவன்ர பக்கம், அவன் வெண்டால் நீயும் வெல்லுவாய். முதல் எறியில ரெண்டு கட்டையும் சேத்து ஏழோ பதினொண்டோ விழுந்தால் உடன வெற்றி, வைச்ச அளவு காசு இன்னொரு மடங்கு மேலால கிடைக்கும். ரெண்டு, மூண்டு, பன்ரண்டு விழுந்தால் உடன தோல்வி. வேற எந்த எண் விழுந்தாலும், ஒன்பதெண்டு வைப்பம், அந்த ஒன்பதுதான் பிறகு அவன் திரும்ப எறிய வேண்டிய எண். மேசையில ஒன்பதுக்கு மேல ஒரு வட்டத் தகடு வைப்பாங்கள். அதுக்குப் பிறகு விளையாட்டுத் தலைகீழாப் போயிடும். ஒன்பது திரும்ப விழுந்தால் வெற்றி, அதுக்கு முன்னம் ஏழு விழுந்தால் பாஸ் லைனில வைச்ச எல்லாரும் துலைஞ்சினம். முதல் எறியில எல்லாரும் கும்பிட்டுக் கூப்பிடுற ஏழு, அடுத்த எறியில இருந்து எமன். ரெண்டு கட்டையில மற்ற எந்த எண்ணையும் விட ஏழு விழத்தான் கூட வழி இருக்கு, நீ கணக்குப் படிச்சவன், யோசிச்சுப் பார்.

பாஸ் லைனுக்குப் பக்கத்தில ஒடுக்கமா இன்னொரு கோடு, "டோன்ற் பாஸ்". அங்கை வைச்சால் நீ எறியிறவனுக்கு எதிர். அவன் தோத்தால் நீ வெல்லுவாய். முதல் எறியில பன்ரண்டு விழுந்தால் மட்டும் உனக்கு வெற்றியுமில்லை தோல்வியுமில்லை, அந்த ஒரு இடத்திலதான் கசினோக்காரன் தன்ர லாபத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறான். கணக்குப்படி பாத்தால் டோன்ற் பாஸ் ஒரு மயிரிழை நல்ல இடம். எண்டாலும் அங்கை வைக்கிற ஆக்கள் குறைவு. மேசை முழுக்க எறியிறவனோடை சேந்து கத்திக்கொண்டு நிக்கேக்க நீ மட்டும் அவன் விழவேணும் எண்டு பாத்துக்கொண்டு நிக்க வேணும், அதுக்கு ஒரு மனம் வேணும். இன்னுமொண்டு, இதை வடிவா ஞாபகம் வைச்சிரு. தகடு வைச்சாப் பிறகு பாஸ் லைனில இருக்கிற காசை எடுக்க ஏலாது, முடியுமட்டும் அது அங்கைதான். டோன்ற் பாஸில இருக்கிற காசை எப்ப வேணுமெண்டாலும் எடுக்கலாம். அந்த நேரத்தில அது வெல்லுற பக்கத்துக் காசு எண்டபடியால் விசரன்தான் எடுப்பான் எண்டு அவங்களுக்குத் தெரியும்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தது என்னோடை வேலை செய்த ஒரு சைப்பிரஸ்காரர். நான் அக்கவுண்டன்ற் படிக்க இந்த நாட்டுக்கு வந்தனான். கடைசிச் சோதினையில திரும்பத் திரும்பக் கோட்டை விட்டுப்போட்டு ஒரு அச்சுக் கொம்பனியில கணக்கெழுதிக்கொண்டிருந்தன். ஊரில இருந்து வாற கடிதத்தில எல்லாம் என்னை அக்கவுண்டன்ற் எண்டுதான் விசாரிப்பினம், நான் திருத்தினதில்லை. அந்த மேசையில போய் நிண்டால், சோதினையில எனக்குத் துரோகம் செய்த எண்கள் எல்லாம் அங்கை எனக்குப் பணியிற மாதிரி இருக்கும். கசினோவில மெம்பரானால் ரெண்டு நாள் பொறுத்துத்தான் விளையாட விடுவினம், அப்ப சட்டம் அப்பிடி. அந்த ரெண்டு நாளுக்குள்ள மனிசருக்குப் புத்தி வரட்டும் எண்டுதான் போட்டிருப்பினம். எனக்கு வந்தது அவசரம்.

சனிக்கிழமையில உன்னை ஹரோவில தமிழ்ப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு, லைப்ரரிக்குப் போறன் எண்டு சொல்லி மெற்றோபொலிற்றன் லைனில ஏறி டவுனுக்குப் போயிடுவன். பின்னேரம் வகுப்பு முடியேக்க வந்து நிக்க வேணும். எத்தினையோ நாள் நிக்கேல்லை. எல்லாப் பிள்ளையளும் போயிருக்கும், நீ வாசலில ரீச்சரோடை நிப்பாய். ட்ரெயின் பழுதாப் போச்சு எண்டு நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லுவன். ஒருநாள் அந்த மனிசி, "மற்றத் தாய் தகப்பனும் அதே லைனிலதானே அண்ணை வருகினம், உங்கட ட்ரெயின் மட்டும் எப்பிடிப் பழுதாகுது?" எண்டு கேட்டிட்டு என்ர முகத்தையே பாத்தா. நீ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "அப்பாட ட்ரெயின் வேற" எண்டு எனக்காக வாதாடினாய். உனக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கு அதை நினைச்சால் இப்பவும் காது சுடும்.

சித்தப்பா வந்தது எண்பதுகளின்ர நடுவில. கலவரத்துக்குப் பிறகு கொழும்பில தலை காட்ட ஏலாமல், சித்தியையும் கைக்குழந்தையையும் மாமியாரோட விட்டிட்டு வந்தவன். ரெயினர்ஸ் லேனில எங்கட வீட்டில உன்ர கட்டிலுக்குப் பக்கத்தில நிலத்தில படுத்தவன். பெற்றோல் ஷெட்டில ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தானெண்டால் நீ விடமாட்டாய், சித்தப்பா யானை நித்திரை கொள்ளுமோ, சித்தப்பா கடலுக்கு அடியில என்ன எண்டு அவன்ர கண்மடலை விரிச்சு விரிச்சுக் கேப்பாய், அவனும் பாதி நித்திரையில மறுமொழி சொல்லுவான். எங்கட அப்பா நேரத்தோட காலமானதால அவனைப் பள்ளிக்கூடத்தில கொண்டுபோய்ச் சேத்தது முதற்கொண்டு நான்தான். என்னைக் கேக்காமல் ஒரு சேட்டும் வாங்கமாட்டான். சம்பளத்தைக் கொண்டுவந்து, "உங்களிட்டை இருந்தால் பத்திரம் அண்ணை" எண்டு என்ர கையில தருவான். சித்தியையும் பிள்ளையையும் கூப்பிட, வெளிநாட்டுக்கு ஆக்களை அனுப்புற ஏஜென்சிக்காரன் கேட்டதில பாதி அவன் சேக்கிறது, மற்றப் பாதி நான் போடுறது எண்டு அம்மாவுக்கு முன்னால வாக்குக் குடுத்தனான். அவன் தன்ர பாதியைச் சேத்திட்டான். அவன்ர காசில நான் கை வைக்கேல்லை. என்ர பாதியில பெரிய பங்கு அந்தப் பச்சைத் துணியில போயிருந்தது.

ஏஜென்சிக்காரன் ஆக்களை அனுப்ப ஆயத்தமெண்டு கொழும்பில இருந்து சேதி வந்தது. சித்தப்பாவுக்குக் கால் நிலத்தில நிக்கேல்லை, உனக்குத் தங்கச்சி வரப்போறா எண்டு உன்னைத் தூக்கிச் சுத்தினான்.  உண்மையைச் சொல்லுறதுக்கு எனக்கு ஒரு முழுக் கிழமை இருந்தது. "தம்பி, நான் காசைத் துலைச்சிட்டன்" எண்டு சொல்லியிருந்தால் அவன் இடிஞ்சு போய் இருந்திட்டு, பிறகு சரி அண்ணை, பாப்பம் எண்டு இன்னொரு ஷிப்ட் எடுத்திருப்பான். அவன்ர குணம் எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வாய் வரேல்லை. எனக்குக் கொஞ்சம் குறையுது, ஒரு வழி இருக்கு, உன்ரதையும் எடுத்துக்கொண்டு வா எண்டன். "உது சரிவருமே அண்ணை?" எண்டு அவன் ஒருக்காத்தான் கேட்டவன். "எனக்குக் கணக்குத் தெரியும், நீ வா" எண்டன். என்ர கோட்டையும் ரையையும் போட்டுக்கொண்டு, என்ர விருந்தாளி எண்டு நான் கையெழுத்து வைக்க, சாமி கும்பிட வந்தவன் மாதிரிப் பயபக்தியோட அந்த இடத்துக்குள்ள வந்தான்.

முதல் கொஞ்சம் வெண்டம், பிறகு போகத் தொடங்கினது. அவன்ர காசில பாதிக்கு மேல போன நேரத்தில கட்டை எறியிற முறை அவனுக்கு வந்தது. நான் மேசையின்ர மற்றத் தொங்கலுக்குப் போய் நிண்டன். நீ கேக்கலாம் ஏனெண்டு. அவனுக்கு என்ர கை தெரியக்கூடாது, அதுதான். "மிச்சத்தையும் வைக்கட்டோ அண்ணை?" எண்டு அங்கையிருந்து கேட்டான். நான் தலையை ஆட்டினன், "வை, வை" எண்டன். அவன் எல்லாத்தையும் பாஸ் லைனில வைச்சான். தனக்கு முன்னால தள்ளின கட்டையளுக்குள்ள ரெண்டை அவன் தெரிவு செய்துகொண்டிருக்கேக்க, என்னட்டை மிஞ்சியிருந்த முழுதையும் நான் டோன்ற் பாஸில வைச்சன்.

அதுக்கு என்னட்டை ஒரு நியாயம் இருந்தது, வடிவான நியாயம். ரெண்டு பேரும் ஒரே பக்கத்தில வைச்சு ரெண்டும் போனால் ஒண்டுமில்லாமல் நிப்பம். அவன் அங்கால, நான் இங்கால எண்டால், எது விழுந்தாலும் காசு எங்கட வீட்டிலதான் நிக்கும். அண்ணன் தம்பிக்குள்ள என்ன உன்ரது என்ரது, ஒரே உலைதானே! இதை அவனுக்குச் சொல்லிப்போட்டுச் செய்திருந்தால் அது நியாயம்தான். நான் ஒளிச்சுச் செய்தன். உனக்கு இப்ப கலியாணம் நடக்கப் போகுது, ஒரு தகப்பனா நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒண்டுதான்: நிஷாந்திக்குத் தெரியாமல் நிஷாந்திக்கு நன்மை செய்யிறன் எண்டு ஒருநாளும் தொடங்காதை. உனக்கு நியாயம் கெதியாக் கெதியா வருதெண்டால் அந்த இடத்திலேயே நில். நான் சமாதானம் சொல்லுறதில கெட்டிக்காரன், அந்தக் கெட்டித்தனம்தான் என்னை நாசமாக்கினது.

முதல் எறி, ஒன்பது. தகட்டை ஒன்பதில வைச்சாங்கள். அவன்ர காசு பூட்டுப்பட்டுப் போச்சு. என்ர காசு எனக்கு முன்னால, கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில கிடந்தது. அடுத்த எறி அஞ்சு, அதுக்கடுத்தது எட்டு. ஒவ்வொரு எறிக்குப் பிறகும் ஒருத்தன் நீட்டுத் தடியால கட்டையை இழுத்துத் திரும்ப அவனிட்டைத் தள்ளுவான். அந்த இடைவெளி ஒவ்வொண்டிலயும் நான் எடுத்திருக்கலாம், தம்பி, நான் உனக்கு எதிரா இல்லையடா எண்டு. எடுக்கேல்லை. அதோட நிண்டிருந்தாலும் பரவாயில்லை, மகன். எனக்கு ஏழு விழவேணும் எண்டு ஆசை வந்திட்டுது. வீட்டுக் காசு வீட்டில எண்ட நியாயம் எல்லாம் எங்கையோ பறந்திட்டுது, எனக்கு வெல்ல வேணும். அவ்வளவுதான்.

அந்த மேசைகளில ஏழு எண்ட சொல்லை வாய் திறந்து சொல்லக்கூடாது. எறியிறவனுக்குத் தரித்திரம் எண்டு நம்புறாங்கள். நான் போன புதுசில ஒருக்கா "செவின்" எண்டு சொல்லப்போய் எல்லாரும் முறைச்சுப் பாத்து, சைப்பிரஸ்காரர் என்ர காலை மிதிச்சவர். அதனால தமிழில சொன்னன். முணுமுணுத்தன். "ஏழு வா, ஏழு வா. பிள்ளையாரே, ஏழு விழட்டும்." ஒருத்தருக்கும் விளங்காது எண்ட துணிவு. இந்த ஊரில நாங்கள் எல்லாரும் அப்பிடிப் பழகினனாங்கள்தானே. பஸ்ஸில முன் சீற்றுக்காரியின்ர தொப்பியைப் பற்றி, கடைக்காரன்ர மூக்கைப் பற்றி, அவைக்கு முன்னாலயே சத்தமாக் கதைச்சுப் பழகின வாய். தமிழெண்டால் கதவைச் சாத்திப்போட்டுக் கதைக்கிற மாதிரி எண்ட நினைப்பு. அந்த மேசையில தமிழ் விளங்கிற இன்னொரு ஆள் நிக்கிறான், அவன்தான் கட்டையைக் கையில வைச்சிருக்கிறான் எண்டது என்ர மண்டைக்குள்ள ஏறேல்லை.

கட்டையோட கையை ஓங்கினவன் நிமிந்து பாத்தான். என்ர வாயைப் பாத்தான். பிறகு எனக்கு முன்னால கிடந்த காசைப் பாத்தான். எறிஞ்சான். நாலும் மூண்டும். மேசை முழுக்க "ஓ" எண்டு ஒரு சத்தம், அவன்ர காசை ஒரு கை வழிச்சு எடுத்துக்கொண்டு போனது, இன்னொரு கை வந்து எனக்கு முன்னால என்ர காசுக்குப் பக்கத்தில அதே அளவு காசை அடுக்கினது. எனக்குச் சந்தோசம் வந்தது. இந்த ஒரு வசனத்தை எழுதத்தான் எனக்கு இத்தினை நாள் எடுத்தது. என்ர தம்பி தன்ர பெண்சாதி பிள்ளையை விமானம் ஏத்த வைச்சிருந்த காசு போன அந்த நிமிசத்தில எனக்கு உண்மையாச் சந்தோசம் வந்தது. பிறகு வெக்கம் வந்தது, துக்கம் வந்தது, எல்லாம் வந்தது. முதல் வந்தது அதுதான்.

திரும்பி வாற ட்ரெயினில அவன் எனக்கு முன்னால இருந்தான். வெம்பிளி தாண்டினது. பிறகு, "அண்ணை, நீங்கள் ஏழு கேட்டனீங்களே?" எண்டான். என்ர மூளையின்ர கெட்டித்தனத்தைப் பார், உடன ஒரு மறுமொழி வந்திட்டுது. "ஓமடா, முதல் எறியில ஏழு விழுந்தால் வெற்றிதானே, உனக்காகத்தான் கேட்டனான்" எண்டன். அவன் அந்த விளையாட்டை அண்டைக்குப் பின்னேரம்தான் பழகினவன். எறிகளை விரலில எண்ணினான். "அது ஒன்பது விழுந்த பிறகு அண்ணை" எண்டான். கோவமாச் சொல்லேல்லை, என்ர கணக்கில ஒரு பிழையைத் திருத்திற மாதிரிச் சொன்னான். அதுக்குப் பிறகு அவன் அதைப் பற்றி ஒரு சொல் கேக்கேல்லை.

வீட்டுக் கதவைத் திறந்தோடனை அம்மா எங்கட முகத்தைப் பாத்து, "என்ன நடந்தது?" எண்டு கேட்டா. அவன் குனிஞ்சு சப்பாத்துக் கழட்டிக்கொண்டிருந்தவன். நான் சொன்னன்: "இவன் காசு முழுதையும் சூதில விட்டிட்டான். கேள்விப்பட்டுப் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்." எப்பிடி வாயில வந்தது எண்டு இண்டைக்கும் தெரியாது. அம்மா வெடிச்சா. "உனக்கு வெக்கமில்லையே, அங்கை அந்தப் பிள்ளை பச்சைக் குழந்தையோட காத்திருக்குது, நீ மனிசனே?" எண்டு. அவன் ஒரு சப்பாத்தோட நிமிந்து என்னைப் பாத்தான். நான் ஏதும் சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு நிண்டான். நான் கோட்டைக் கழட்டிக் கொழுவினன். அவன் அம்மாவைப் பாத்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணி" எண்டான். நீ படியில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். அடுத்த கிழமை அவன் பார்க்கிங்கில ஒரு சிநேகிதன்ர அறைக்குப் போயிட்டான். சித்தப்பா எங்கை எண்டு நீ கேக்க, அவன் சூதாடி, அவனைப் பற்றி இந்த வீட்டில கதைக்கக் கூடாது எண்டு அதட்டினன். வெண்ட காசை அவனுக்குக் குடுக்கேல்லை. இது தம்பிக்கு ஒதுக்கி வைச்சிருந்த என்ர பாதி, சூதாடிக்குக் குடுத்தால் திரும்பக் கொண்டுபோய் விடுவான் எண்டு அம்மாவுக்குச் சொல்லி, பாங்கில போட்டன். அதில கொஞ்சத்தை எடுத்துத்தான் எங்கட முன்னறைக்குக் கார்ப்பெற் போட்டது. நீ அதில குப்புறப் படுத்திருந்து ரீவி பாப்பாய்.

காசு கிடைக்கேல்லை எண்டு போன ஏஜென்சிக்காரன் போனவன்தான். ஊரில சண்டை முத்தினது, வழிகள் அடைபட்டது. சித்தியும் பிள்ளையும் வந்து சேரேக்க அந்தக் கைக்குழந்தை பள்ளிக்கூடம் போற பிள்ளையா வளந்திட்டுது. ஒருத்தரும் கூப்பிடாமல் நானும் ஏயார்போட்டுக்குப் போனன். சித்தப்பா ஒரு பெரிய பொம்மையோட முழங்காலில இருந்து கையை விரிச்சான். பிள்ளை சித்தியின்ர சீலைக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டு, "அம்மா, இந்த அங்கிள் ஆர்?" எண்டு கேட்டுது. நிண்டவை எல்லாம் சிரிச்சினம். அவனும் சிரிச்சான். சிரிச்சுக்கொண்டு நிமிந்தவன் கூட்டத்துக்குள்ள என்னைக் கண்டான். கண்டும் முகத்தைத் திருப்பேல்லை, "வாங்கோ அண்ணை" எண்டான். நான் கார் நிப்பாட்டின இடத்தில காசு போடவேணும் எண்டு சொல்லிப்போட்டு வெளியால போய், அப்பிடியே வீட்டை வந்திட்டன்.

உன்னோடை சேந்து சிரிச்ச அந்தச் சிரிப்பு என்னை நித்திரை கொள்ள விடேல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் போனன். சித்தி "வாங்கோ அத்தான்" எண்டு தேத்தண்ணி ஊத்தப் போக, நான் அவனுக்கு முன்னால இருந்து எல்லாத்தையும் சொன்னன். அவன் என்னை முழுக்கச் சொல்லவும் விடேல்லை. "எனக்கு அண்டைக்கே தெரியும்தானே அண்ணை. இப்ப கலியாண நேரத்தில ஏன் உதுகள்? பெடியனுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. என்னைப் பற்றி அவன் என்ன நினைச்சாலும் எனக்குப் பரவாயில்லை. தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளை அப்பிடி நினைக்கக் கூடாது. நான் ஹோலுக்கு வந்து பின்னால இருந்து சாப்பிட்டிட்டுப் போறன்" எண்டான். நான் என்ன சொல்லியிருக்க வேணும்? "ஓம்" எண்டன். ஓம் எண்டு சொல்லித் தேத்தண்ணி குடிச்சன். திரும்பி வரேக்க உடம்பு பஞ்சு மாதிரி லேசா இருந்தது. ஸ்டேஷன் படியில பழைய பாட்டொண்டை வாய்க்குள்ள பாடிக்கொண்டு இறங்கினன். பாதிப் படியில நிண்டிட்டன். அவனைத் தோக்க வைச்சு நான் இன்னொருக்கா வெண்டிட்டன் எண்டு அப்பதான் விளங்கினது.

வீட்டை வந்து அம்மாவுக்குச் சொன்னன். அவ கத்துவா, கையில கிடைச்சதை எறிவா எண்டு நினைச்சன். கதிரையில இருந்தா. "அந்தப் பெடியன் என்னட்டை மன்னிப்புக் கேட்டவன்" எண்டா. "என்னட்டை" எண்டு திரும்பவும் சொன்னா. அடுத்த நாள் காலமை தனியா ட்ரெயின் ஏறிப் பார்க்கிங் போனா. அங்கை என்ன கதைச்சவையோ எனக்குத் தெரியாது. வந்து எனக்குச் சாப்பாடு போட்டு வைச்சா, இண்டு வரைக்கும் ஒரு கதையுமில்லை. அது எனக்குக் காணும், காணாது எண்டும் சொல்லலாம். அவன் வேண்டாம் எண்டு தடுத்தும் நான் உனக்கு எழுதுறது ஏனெண்டால், அவன் எனக்காகத் தாங்கிறதை எல்லாம் நான் தாங்க விட்டுக்கொண்டே இருப்பன், எனக்கு என்னைத் தெரியும்.

நீயும் நிஷாந்தியும் லண்டன் வரேக்க முதல் இங்கை வராதேங்கோ. நேரா பார்க்கிங் போங்கோ. கார்டைத் தட்டத்தில வைச்சு, சித்தப்பாவுக்கும் சித்திக்கும் முறையாக் கலியாணம் சொல்லுங்கோ, ரெண்டு பேரும் காலில விழுந்து கும்பிடுங்கோ. இந்தக் கடிதத்தை வாசிச்சிட்டன் எண்டு அவனுக்குச் சொல்லு. அவனுக்குக் கோவம் வரும், வரட்டும், என்னில ஒருக்காலும் கோவப்படாத மனிசன் அவன். கலியாணத்தண்டு காலமை, முழுக முன்னம் உன்ர தலையில பாலும் அறுகம்புல்லும் வைக்கிற அந்தப் பாலறுகை முதல் வைக்கச் சொல்லி அவை ரெண்டு பேரையும் கேள். ஏலாது எண்டு ஆயிரம் நொண்டிச்சாட்டுச் சொல்லுவான், விடாதை. பாலறுகு வைக்கிற சோடிகள் ஒற்றையில வரவேணும், அதுதான் எங்கட முறை. அம்மாவும் நானும் வைக்கிற இடத்தில அவையை விட்டால் ஒற்றை குலையாது, எண்ணிப் பாத்திட்டன். அம்மாவுக்கும் அது சம்மதம்.

அப்பா